ஞாயிறு பத்து மணிக்கு எடுக்கிறோம்

அப்பாவின் வலது கால் மடங்காது. முழங்காலை இரண்டு முறை திறந்து பார்த்த மருத்துவர், மூன்றாவது முறை கையை விரித்துவிட்டு எலும்பை நேராக வைத்து இறுக்கிவிட்டார். வலி போனது, கூடவே மடங்குவதும் போனது. அதற்குப் பிறகு அந்தக் கால் எங்கள் வீட்டில் தனி ஆளாகவே நடத்தப்பட்டது. சாப்பாட்டு மேசைக்கு அடியில் அது எதிர்ப்பக்கம் வரை நீளும் என்பதால் அந்தப் பக்க நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. முன்னறையில் அதற்கென்று ஒரு முக்காலி, முக்காலிக்கு ஒரு தலையணை. சின்ன மகள் பள்ளிக்குப் போகும்போது தாத்தாவுக்கு ஒரு டாட்டா, காலுக்கு ஒரு டாட்டா.

வீட்டுக்குள் சமாளித்துவிடலாம். வெளியே போவதுதான் பெரும்பாடு. எங்களிடம் இருந்தது சின்னக் கார். பின்கதவைத் திறந்து, அப்பாவை முதுகுப்பக்கமாக நுழைத்து, எதிர்க்கதவில் முதுகு முட்டும் வரை தள்ளி, கடைசியில் பாதத்தைச் சாய்த்து, "மூச்சைப் பிடிங்க" என்று சொல்லிக் கதவை மூட வேண்டும். மூடிவிட்டால் பின் இருக்கை முழுக்கக் கால்தான். நானும் மனைவியும் முன்னால். இரண்டு மகள்களுக்கும் வீட்டுக்காவல்.

"என் ஒரு காலுக்காக ரெண்டு பிள்ளைங்க வீட்டுல கிடக்கணுமா? நீங்க போயிட்டு வாங்க" என்பார் அப்பா. எட்டு மாதமாக இதே பேச்சு. மருத்துவமனையைத் தவிர அவர் எங்கும் போகவில்லை.

இதில் வேதனை என்னவென்றால், அவர் முப்பத்தொரு வருடம் நடந்தே பிழைத்தவர். மின்சார அலுவலகத்தில் மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலை. ஊருக்கு வீடுகளின் முகம் தெரியும். அப்பாவுக்கு முதுகு தெரியும். வாசலில் பளிங்கு பதித்த வீட்டில் மீட்டர் உடைந்த வாளிக்கும் பழைய மெத்தைக்கும் நடுவில் இருக்கும். அங்கே போய் டார்ச் அடித்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, நாயிடம் நல்ல பேர் வாங்கிக்கொண்டு திரும்புவார். அப்படிப்பட்ட மனிதர் இப்போது ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மதில்சுவரைப் படித்துக்கொண்டிருந்தார்.

பெரிய வண்டி வாங்க வேண்டும் என்று முதலில் சொன்னது மனைவி. அவள் திரைச்சீலை தைக்கிறவள். எதையும் அளந்து பார்க்காமல் பேச மாட்டாள். ஒருநாள் அப்பாவை நீட்டி உட்காரவைத்து, முதுகிலிருந்து குதிகால் வரை டேப் பிடித்தாள். ஐம்பது அங்குலம். பிறகு சின்னக் காரின் பின் இருக்கையை அளந்தாள். நாற்பத்தெட்டு.

"ரெண்டு அங்குலம்தாங்க பிரச்சினை. இதுக்குப் போய் எட்டு மாசமா யோசிக்கிறீங்க."

"யோசிக்காம வாங்க முடியுமா?"

நான் கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிறவன். காலையிலிருந்து மாலை வரை என் வேலை ஒரே கேள்விதான்: இந்தக் கண்ணாடி தெளிவா, அந்தக் கண்ணாடி தெளிவா? "ஊர்ல இருக்கிறவங்க எல்லாம் உங்க முன்னால உட்கார்ந்து பட்டு பட்டுனு பதில் சொல்றாங்க. உங்களால ஒரு பதில் சொல்ல முடியல" என்றாள்.

துணிக்கடை அறிவிப்புப் பலகையில் அந்த விளம்பரத்தைக் கண்டுபிடித்ததும் அவள்தான். அச்சு போன்ற கையெழுத்து. 'குடும்ப ஸ்டேஷன் வேகன். ஒரே கை ஓட்டியது. நல்ல குடும்பத்துக்கு மட்டும்.' நாங்கள் நல்ல குடும்பமா என்று இரவுச் சாப்பாட்டின்போது விவாதம் நடந்தது. பெரிய மகள் சில சந்தேகங்களை எழுப்பினாள். பெரும்பான்மை அடிப்படையில் நல்ல குடும்பம் என்று முடிவானது.

வண்டி பார்க்கப் போகிறோம் என்று தெரிந்ததும் மச்சான் வந்துவிட்டார். என் மனைவியின் அண்ணன். வண்டிகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை, வண்டிதான் இல்லை. ஒரு பையில் டார்ச்சும் காந்தமும் வெள்ளைக் கைக்குட்டையும் வைத்திருந்தார். காந்தம், பூச்சுக்கு அடியில் இரும்பு இருக்கிறதா ஓட்டையை அடைத்த மாவு இருக்கிறதா என்று பார்க்க. கைக்குட்டை, புகைக்குழாயில் பிடித்துப் பார்க்க. "மாப்பிள்ளை, நீங்க வாயைத் திறக்காதீங்க. நம்ம முகத்துல ஆசை தெரிஞ்சா அவன் ஏறி உட்கார்ந்துக்குவான்" என்று வழியெல்லாம் பாடம் நடத்தினார்.

ஆசையை மறைக்கத் தேவையே இருக்கவில்லை. வண்டிக்காரர் விற்கிற மனநிலையிலேயே இல்லை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பித்தான் எல்லாம் போட்ட கோட்டுடன் தன் வீட்டு வாசலில் நின்றார். கையில் அட்டை, அட்டையில் காகிதம், காகிதத்தில் பதினான்கு கேள்விகள்.

"நான் வண்டியை விற்கலை. ஒப்படைக்கிறேன்" என்றார்.

மச்சானின் முகம் தொங்கிப்போனது. கேள்வி கேட்க வந்தவரிடம் கேள்வி கேட்கப்பட்டது. வண்டிக்குள் சாப்பிடுவீர்களா? மழையில் நிறுத்துவீர்களா? கோபம் வந்தால் ஸ்டியரிங்கைக் குத்துவீர்களா? ஆறாவது கேள்வி கதவைப் பற்றியது. "மூடிக் காட்டுங்க" என்றார். நான் மூடினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். "இன்னொரு தடவை." மூடினேன். "முதல் தடவை நல்லா இருந்துச்சு" என்று ஏதோ எழுதிக்கொண்டார். என் கல்யாணத்துக்கு முன்னால் என் மாமனார்கூட என்னை இவ்வளவு சோதித்ததில்லை.

இதற்கிடையில் மனைவி யாரையும் கேட்காமல் நடு இருக்கையில் டேப் வைத்துவிட்டாள். "ஐம்பத்து நாலு" என்றாள். அவ்வளவுதான், அவளைப் பொறுத்தவரை வண்டி வாங்கியாகிவிட்டது. முன்னால் மூன்று பேர் உட்காரும் நீள இருக்கை. டிக்கியில் தரையைத் தூக்கினால் இன்னொரு இருக்கை எழுந்தது. அது பின்னோக்கிப் பார்த்தது. மூன்று குழந்தைகள் உட்காரலாம், பின்னால் வருகிற வண்டிக்காரர்களுக்கு நாக்கை நீட்டிக்கொண்டே போகலாம். பதிவாளருக்கு மூன்று பிள்ளைகளாம். மூவரும் வளர்ந்து எங்கெங்கோ போய்விட்டார்களாம். "பதினாறு வருஷமா இந்த சீட்டைத் தூக்கல" என்று சொல்லி, தூசி இல்லாத இடத்தைத் தட்டினார்.

விலை எங்களுக்கு எட்டுகிற விலைதான். இழுபறி விலையில் இல்லை, மதிப்பெண்ணில். ஒரு பல் மருத்துவர் குடும்பம் எங்களைவிட இரண்டு மதிப்பெண் அதிகமாம். பதிவாளர் அட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வண்டியோட உங்க வீட்டுக்கு வரேன். நிறுத்துற இடம், சூழல் எல்லாம் பார்க்கணும். அன்னைக்கு நீங்களும் முடிவு சொல்லிடணும்."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னோம். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"உங்களுக்காகன்னா வாங்குங்க. எனக்காகன்னா வேண்டாம்."

"உங்களுக்காகத்தான் மாமா" என்றாள் மனைவி. அவளுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"நான் எங்கம்மா போகப் போறேன்? யார் என்னைத் தேடுறாங்க? கலெக்டரா இருந்தேனா? மாசம் ஒரு தடவை கதவைத் தட்டினவன். நான் வந்துட்டுப் போனா அடுத்த வாரம் பில் வரும். என்னைப் பார்த்து யாரும் சந்தோஷப்பட்டதா ஞாபகம் இல்ல. இப்ப வண்டி வாங்கி, ஏத்தி, இறக்கி, எந்த வாசல்ல கொண்டுபோய் நிறுத்துவீங்க என்னை?"

ஐம்பது அங்குலத்தை மனைவி அளந்துவிட்டாள். இதை எந்த டேப்பால் அளப்பது? ஏற மறுக்கிற மனிதருக்காக வண்டி வாங்கி வாசலில் நிறுத்தினால், அது தினமும் எதிரே நின்று அவருடைய இயலாமையைச் சொல்லிக்காட்டும். வேண்டாம் என்று பதிவாளரிடம் சொல்லிவிடலாம் என்ற பக்கம் நான் சாய ஆரம்பித்தேன். அப்பா இப்படியே உட்கார்ந்துவிடுவார் என்பது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் சாய்ந்தேன்.

அன்று சாயங்காலம் சித்தப்பா ஃபோன் செய்தார். அப்பாவின் தம்பி, அரை நாள் பயணத் தொலைவில் இருப்பவர். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், நான் குளியலறைக் குழாயைக் கழற்றிப் போட்டிருந்தேன். மச்சான் எடுத்தார். ஃபோனில் அவருக்கு வேறு குரல். செய்தி வாசிப்பது போலப் பேசுவார். ஒன்றும் முடிவாகவில்லை என்று சொல்வது அவருடைய தகுதிக்குக் குறைவு. எனவே இப்படிச் சொன்னார்:

"எல்லாம் முடிஞ்சுது சித்தப்பா. ரொம்ப நாளா இழுத்துக்கிட்டே இருந்துச்சு, ஒருவழியா முடிஞ்சுது. ஞாயிறு காலையில பத்து மணிக்கு எடுக்கிறோம்... ஆமா, வீட்டுலேர்ந்துதான்... வண்டியெல்லாம் சொல்லியாச்சு. நீளமான வண்டி. மாமா காலை நீட்டிக்கிட்டு நிம்மதியாப் போகலாம். இனிமே அவருக்கும் கஷ்டம் இல்ல, நமக்கும் கஷ்டம் இல்ல."

குளியலறை பக்கத்திலேயேதான், எனக்கு எல்லாம் கேட்டது. ஒரு வார்த்தைகூட எனக்குத் தப்பாகப் படவில்லை. மறுமுனையில் சித்தப்பா ஏதோ சொன்னார், மச்சான், "தைரியமாத்தான் இறங்கியிருக்கோம். மாப்பிள்ளைதான் கொஞ்சம் கலங்கியிருக்கார்" என்று பதில் சொல்லி வைத்தார்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"தைரியமா இருங்கன்னார். பெரிய வண்டி இல்லையா, பயப்படுறார். எல்லாருக்கும் நானே சொல்லிடறேன்னும் சொன்னார். பாசக்காரர்."

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதே முக்காலுக்குப் பதிவாளர் வந்துவிட்டார். வண்டி கழுவித் துடைத்து மின்னியது. அதன் நிறம் கருநீலம் என்று பதிவுப் புத்தகத்தில் இருந்தது. கறுப்பு என்று யாராவது அடித்துச் சொன்னால் மறுக்க முடியாது. வாசலில் நிறுத்தி, காற்றாடட்டும் என்று பின்கதவை அகலத் திறந்துவைத்து, அதன் பக்கத்தில் கோட்டுடன் கைகட்டி நின்றார். மச்சான் மண்டியிட்டு டிக்கிக்குள் தலையை விட்டார். இருக்கை எழும்புகிற சந்துக்குள் அவருடைய காந்தம் விழுந்துவிட்டது. அதை எடுக்கக் கையை நுழைத்து முனகிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் முக்குக் கடை ரொட்டிக்கார அம்மா வந்தார். கையில் வெள்ளைப் பூங்கொத்து. வண்டியைப் பார்த்தார். குலுங்கும் மச்சானின் தோளைப் பார்த்தார். பக்கத்தில் போய் முதுகில் கை வைத்தார்.

"அழுதுடுங்க தம்பி. அடக்கி வைக்கக் கூடாது."

"உள்ள போயிருச்சும்மா. கைக்கு எட்டவே மாட்டேங்குது" என்றார் மச்சான், தலையை எடுக்காமல்.

"போனது போனதுதான். மனசைத் தேத்திக்குங்க."

"புதுசும்மா."

அந்த அம்மாவுக்கு இது பிடிபடவில்லை. பதிவாளரிடம் திரும்பித் தாழ்ந்த குரலில், "எத்தனை மணிக்கு எடுக்கிறீங்க?" என்று கேட்டார்.

"அது குடும்பத்தோட விருப்பம். அவங்க சரின்னு சொன்னா உடனே ஒப்படைச்சுட வேண்டியதுதான்" என்றார் பதிவாளர்.

நான் அப்போது வாசற்கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அந்த அம்மா என் கையை ஒருமுறை அழுத்திவிட்டு நேராக முன்னறைக்குள் போனார். அங்கே அப்பா, கால் முக்காலியில், கையில் பேப்பருடன் உட்கார்ந்திருந்தார். பூவைப் பார்த்ததும் மரியாதையாகப் பேப்பரை மடித்தார்.

"வாங்கம்மா. யாரு தவறிட்டாங்க?"

ரொட்டிக்கார அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் சார்."

அப்பா எதிர் நாற்காலியைக் காட்டினார். "உட்காருங்க" என்றார்.

விஷயம் எனக்குப் புரிவதற்குள் வாசலில் இன்னும் ஆறேழு பேர். சித்தப்பா தன் வாக்கைக் காப்பாற்றியிருந்தார், எல்லாருக்கும் சொல்லியிருந்தார். பழைய அலுவலகத்துக்கு ஒரு ஃபோன், அங்கிருந்து தெருத்தெருவாக. துக்க வீட்டுக்கு ஃபோன் செய்து தொந்தரவு பண்ண வேண்டாம் என்று எல்லாருமே பெருந்தன்மையாக நினைத்ததால், எங்களிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. தையற்காரர் வந்தார், பள்ளிக்கூடத்துக் காவலாளி வந்தார், இரண்டு பஸ் மாறி ஒரு நர்ஸ் வந்தார். சித்தப்பா இரவெல்லாம் பயணம் செய்து, தெரு முனையிலேயே "அண்ணா" என்று குரல் கொடுத்துக்கொண்டு வந்தார். "என்னடா?" என்று உள்ளிருந்து அண்ணன் பதில் கொடுத்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வந்தவர்கள் திரும்பிப் போயிருக்கலாம். யாரும் போகவில்லை. மனைவி, வீட்டில் இருந்த கோப்பைகளிலெல்லாம் டீ ஊற்றினாள். மூக்கைச் சிந்தியவர்கள் சிரித்தார்கள், சிரித்தவர்கள் மறுபடி மூக்கைச் சிந்தினார்கள். அப்பா உயிரோடு இருப்பது சிலருக்குச் சங்கடமாகவும் இருந்தது. குறிப்பாக, பளிங்கு வீட்டு ஐயாவுக்கு. அவர் ஓர் இரங்கலுரை எழுதி எடுத்து வந்திருந்தார். எழுதியது வீணாகக் கூடாது என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

"ஒளியை அளந்த மாமனிதர் இன்று இருளில் மறைந்தார்..."

"ஐயா," என்றார் அப்பா, "நான் அளந்தது உங்க வீட்டு வெந்நீர் பாய்லரை. மீட்டர் மெத்தைக்குப் பின்னால இருந்துச்சு. இன்னும் அங்கதான் இருக்கா?"

ஐயா தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவரும் எல்லாரையும் போல் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தார். அப்போதுதான் அவர் நல்ல மனிதர் என்பது தெரிந்தது.

மற்றவர்கள் எதையும் எழுதி வந்திருக்கவில்லை. ரொட்டிக்கார அம்மாதான் முதலில் பேசினார். "எங்க வீட்டுக்காரர் படுத்த படுக்கையா இருந்த வருஷம், ஆள் இல்லாத நேரத்துலயும் மீட்டர் ஓடுதே, எங்கயோ வயர் கசியுதுன்னு சொன்னது இவர்தான். மறுநாள் ஆளையும் கூட்டிட்டு வந்தார். இல்லன்னா கடையும் இல்ல, நாங்களும் இல்ல."

"அது என் வேலைம்மா" என்றார் அப்பா.

"வேலைன்னா எழுதிட்டுப் போயிருக்கணும். நீங்க திரும்பி வந்தீங்களே."

காவலாளி கதவோரமாகவே நின்றார். "என்கிட்ட எதுவும் பெருசா இல்ல. வெயில்ல வந்தா, 'அண்ணே, குடிக்கத் தண்ணி தாங்க'ன்னு கேட்பார். அந்த ஸ்கூலுக்கு எத்தனையோ ஆபீசருங்க வருவாங்க. என் சொம்புல தண்ணி வாங்கிக் குடிச்சது இவர் ஒருத்தர்தான்."

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு எதுவும் இல்லை. நேற்றுதான் நான் துடைத்துக் கொடுத்திருந்தேன்.

பதினோரு மணிக்கு, எல்லாருக்கும் கடைசியாக, நெட்டையர் வந்தார். அவரும் ரீடிங் எடுத்தவர், அப்பாவின் கூட்டாளி. பதினோரு வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை. நெட்டையர் ஒரு மாதம் வீடுகளுக்கே போகாமல், உட்கார்ந்த இடத்தில் மனம்போல எண்களைப் போட்டுவிட்டார். மேலதிகாரி அப்பாவைக் கேட்டார். அப்பா உண்மையைச் சொன்னார். நெட்டையருக்கு இடமாற்றம். அன்றோடு சரி.

நெட்டையர் நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்து, கூட்டாளியைப் பார்த்து, அப்படியே குனிந்தபடி நின்றார்.

"உன்னைப் பார்க்கணும்னு வரல. நீ போயிட்டேன்னு சொன்னாங்க, அதான் வந்தேன்" என்றார்.

"சரி, வந்தது வந்துட்டே. உட்காரு" என்றார் அப்பா.

நெட்டையர் சுற்றிலும் பார்த்தார். காலி இடம் எதுவும் இல்லை. அப்பா இரண்டு கையாலும் தன் காலைத் தூக்கி முக்காலியிலிருந்து இறக்கி வைத்தார். எட்டு மாதத்தில் அந்த முக்காலி வேறு யாருக்கும் கிடைத்ததில்லை. நெட்டையர் அதில் உட்கார்ந்தார். அதன் பிறகு இருவரும் பேசவில்லை. ஆளுக்கு ஒரு டீயை அரை மணி நேரம் குடித்தார்கள்.

பன்னிரண்டு மணி வாக்கில் ஒவ்வொருவராகக் கிளம்பத் தொடங்கினார்கள். "எப்படி வந்தீங்க?" என்று அப்பா ஒவ்வொருவரையும் கேட்டார். நடந்து வந்தேன், ரெண்டு பஸ் மாறி வந்தேன், ஞாயிற்றுக்கிழமைங்கிறதால பஸ்ஸே இல்ல. அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் என்னைக் கூப்பிட்டார்.

"அந்த வண்டி இன்னும் நிக்குதா?"

"நிக்குதுப்பா."

"என்னை ஏத்து."

"எங்கப்பா போகணும்?"

"இவங்களை எல்லாம் வீட்டுல விடணும். என்னை எடுக்கிறதுக்குன்னு வந்தவங்கடா. பஸ்ஸுக்கு நிக்க விடலாமா?"

பதிவாளர் அதற்கு முன்பு யாரையும் தெரு முனையைத் தாண்டி ஓட்டவிட்டதில்லை. வாயைத் திறந்தார். ஆனால் அப்பாவைப் பத்துப் பேர் சேர்ந்து தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். தூக்குவதற்குத் தயாராக வந்தவர்கள்தானே, அந்தப் பலம் எங்காவது செலவாக வேண்டும். நடு இருக்கையில் முதுகு ஒரு கதவில், குதிகாலுக்கும் மறு கதவுக்கும் நடுவில் நாலு அங்குலம் மிச்சம். மனைவி கதவை மூடினாள். அது மெத்தென்று மூடியது. எங்கும் இடிக்கவில்லை, யாரும் மூச்சைப் பிடிக்கவில்லை.

ஆறு நடை அடித்தோம். அப்பா ஒரு நடைக்கும் இறங்கவில்லை. வண்டியைத் தனியாக அனுப்ப மனமில்லாத பதிவாளர், டிக்கியின் பின்னோக்கிய இருக்கையில், கோட்டுடன், என் மகள்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். இரண்டாவது நடையில் ஒரு லாரிக்காரருக்கு அவர் கையசைத்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். நாக்கையும் நீட்டினார் என்று சின்ன மகள் சொல்கிறாள். அதற்கு ஆதாரம் இல்லை. மச்சானைச் சித்தப்பாவோடு வீட்டில் விட்டிருந்தோம். சித்தப்பா சொன்ன எல்லாருக்கும் ஃபோன் செய்து, சொன்னதைத் திரும்பப் பெறுகிற பொறுப்பு மச்சானுக்கு. "மாமா தற்சமயம் போகவில்லை" என்று செய்தி வாசிப்பாளர் குரலில் அவர் சொல்லிக்கொண்டிருந்தது வண்டி கிளம்பும் வரை கேட்டது.

தெருக்களை அப்பாதான் சொன்னார். "இடது பக்கம் திரும்பு. பச்சைக் கேட். இங்க முன்னாடி ஒரு கிழட்டு நாய் இருந்துச்சு." ஒவ்வொரு வாசலிலும் வண்டி நின்றது, கண்ணாடியை இறக்கினார், அந்தந்த வீட்டுக்காரர்கள் உள்ளிருந்து ஆட்களைக் கூப்பிட்டு வந்து காட்டினார்கள். ரொட்டிக்கார அம்மா ஒரு பெட்டி நிறைய ரொட்டியை ஜன்னல் வழியாகத் திணித்தார். வண்டிக்குள் சாப்பிடுவது பற்றிய முதல் கேள்வி எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. பதிவாளர்தான் முதலில் பிய்த்தார்.

ஆறாவது நடையில் மிச்சம் இருந்தது நெட்டையர் மட்டும். முன் இருக்கையில் நான், மனைவி, ஜன்னலோரம் அவர். பின்னால் அப்பா. அதற்கும் பின்னால் மகள்களும் பதிவாளரும். எங்கள் ஐந்து பேரில் ஒருவர்கூட வீட்டில் இல்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எட்டு மாதத்தில் முதல்முறையாக எங்களில் ஒருவரையும் விட்டுவிட்டு வரவில்லை.

நெட்டையர் வீடு ஊரின் கோடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். இறங்கியவர் உள்ளே போகாமல், திண்ணையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து, அப்பாவின் முதுகுப்பக்க ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. அது வசதியாக இருந்தது போலும்.

"அந்த மாசம் நான் ஒரு வீட்டுக்கும் போகலதான்" என்றார் நெட்டையர். "அடுப்புல பாலை வச்சா பொங்குறதுக்குள்ள என் வீட்டுக்காரி மயங்கிக் கீழ விழுந்துடுவா. விட்டுட்டு எப்படிப் போறது?"

அப்பா தன் மடங்காத முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"சொல்லியிருந்தா உன் தெருவையும் நானே எடுத்திருப்பேனேடா."

"நீ கேட்கலையே."

"கேட்டிருக்கணும்" என்றார் அப்பா. "தப்புதான்."

நாங்கள் வண்டியிலிருந்து இறங்கிச் சற்றுத் தள்ளிப் போய் நின்றோம். பதிவாளர் அட்டையை எடுத்தார். காகிதத்தில் ரொட்டித் தூள் ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட்டுப் பேனாவைத் திறந்தார், மூடினார்.

"பல் டாக்டருக்குக் கதவை மெதுவா மூடத் தெரியும். ஆனா, அவங்க வீட்டுல இந்தப் பின்சீட்டுல உட்கார ஆள் இல்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "இப்ப நீங்கதான் சொல்லணும்."

மனைவி என்னைப் பார்த்தாள். மகள்கள் பார்த்தார்கள்.

"எடுத்துக்கிறோம் சார்" என்றேன். "ரொம்ப நன்றி."

"நன்றி நான் சொல்லணும்" என்று சொல்லி, அவர் கோட்டின் பித்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.

சாவியை வாங்கிக்கொண்டு வண்டிக்குப் போனேன். அங்கே பேச்சு எங்கெங்கோ போயிருந்தது. யாரோ ஒரு மேலதிகாரியின் விக் காற்றில் பறந்த கதையை இருவரும் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பா என்னைப் பார்த்ததும் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நேரமாச்சு, இல்ல? கிளம்பலாம்" என்றார். உடனே ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து, "டேய், அவன் விக்கு விழுந்தது கிணத்துலதான், சத்தியமா" என்றார். பிறகு என்னிடம், "ஒரு அஞ்சு நிமிஷம்."

ஐந்து நிமிடம் ஒரு மணி நேரமானது. பிள்ளைகள் பின்கதவைத் திறந்துபோட்டு, பதிவாளரோடு மிச்ச ரொட்டியைத் தின்றார்கள். மனைவி என் பக்கத்தில் வந்து மதிலில் சாய்ந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.